ஓரச்சுப் படகுப் போட்டி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆனால், பாய்ப்படகுப் போட்டியில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்த காலம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் செல்வர்களின் விளையாட்டாகவே இருந்தது. பணம் படைத்தவர் முந்திய படகினும் நீண்டதும் பாய் பெருத்ததுமான புதுப் படகைக் கட்டுவித்தார். அவ்வளவில் மற்றவர்களின் படகுகள் பழசாகிவிட்டன. போட்டி நீரிலே தொடங்குமுன்னரே தச்சனின் பட்டறையில் முடிந்துவிட்டது எனலாம்.

இந்நிலைக்கு ஒரு மாற்றை 1887ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் விரிகுடாவில் கண்டனர். தோமஸ் மிடில்டன் என்பவரின் யோசனைப்படி, எல்லாரும் ஒரே வடிவமான சிறு படகையே செலுத்துவது என்று சிலர் உடன்பட்டனர். ‘வோட்டர் வாக்’ என்பது அப்படகின் பெயர். அச்சங்கத்தினர் இன்றும் டப்ளின் விரிகுடாவின் கரையில் போட்டி நடத்தி வருகின்றனர். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இவ்வகைப் படகுகளை ஓரச்சுப் படகுகள் என்று அழைக்கலாம்.

ஓரச்சு என்பது வெறும் பேச்சன்று. படகின் உடல் வடிவம், எடை, பாயின் அளவு ஆகிய அனைத்தையும் அவ்வகைக்குரிய சங்கத்தின் விதிகள் வரையறுக்கின்றன. அளவையாளர் அளந்து பார்த்துச் சான்று வழங்குவார். எடை குறைந்த படகிலே குறையை ஈடுசெய்யும் பாரத்தைப் பொருத்த வேண்டும். இவ்வாறு பணத்தின் கை கட்டப்படுகிறது. ஓட்டுபவரின் கை மட்டும் அவிழ்த்துவிடப்படுகிறது.

இதற்குச் சிறந்த உதாரணம் இங்கிலாந்தின் மிறர் படகு. வீட்டுத் தச்சுவேலையைத் தொலைக்காட்சியில் கற்பித்துப் புகழ்பெற்ற பரி பக்னெல் என்பவரும், படகு வடிவமைப்பாளராகிய ஜாக் ஹோல்ற் என்பவரும் சேர்ந்து இதனை உருவாக்கினர். 1963இல் டெய்லி மிறர் பத்திரிகையின் ஆதரவில் இது அறிமுகமாயிற்று. அதன் சிவப்புப் பாய் அப்பத்திரிகையின் நிறத்தை நினைவூட்டுவது. ஏறத்தாழ 11 அடி நீளமும் 45 கிலோகிராம் எடையும் கொண்ட இப்படகு இருவர் செலுத்துவதற்கு உரியது. வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகளை வாங்கி, அவற்றைச் செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளின் மேல் கண்ணாடி நார்ப் பட்டியைப் பசையால் ஒட்டினால் படகு உருவாகிவிடும். தும்புக் கயிற்றினால் பலகை தைத்துப் படகு கட்டிய இந்துசமுத்திரக் கரைவாசிகளுக்கு இம்முறை முற்றிலும் அந்நியமானதன்று. அன்று அதன் விலை 63 பவுண் 11 சிலிங். தொழிலாளியும் ஆசிரியரும் தம் வீட்டுக் கொட்டிலிலேயே படகு கட்டிக்கொண்டனர். இதுவரை 70,000க்கு மேற்பட்ட மிறர் படகுகள் உருவாகியுள்ளன.

இத்தகைய படகொன்றை வாங்க விரும்புபவர் முதலிற் செய்ய வேண்டியது யாது? படகு வாங்குவதன்று, தமக்கு அண்மையிலுள்ள படகோட்டச் சங்கத்தை நாடி, அங்கே எவ்வகைப் படகுகள் மிகுதியாக ஓடுகின்றன என்று பார்ப்பது. எத்துணை அழகிய படகாயினும், அதே வகையில் வேறொன்று அந்நீர்நிலையில் இல்லையாயின் அது ஓரச்சுப் படகாகாது; தனிப் படகேயாகும். அடுத்து, அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாகச் சில நாள்கள் முன்பாயைக் கவனித்துக்கொண்டு உடன் செல்லுதல் நன்று. அதனாற் பெறும் பயிற்சிக்கு விலையில்லை.

பின்னர், பழைய படகொன்றை வாங்கலாம். மரப் படகாயின் பாய்மரத்தின் அடி, நடுப்பலகை இறங்கும் பெட்டி, மூலைப் பொருத்துகள் ஆகிய இடங்களை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமிழ்ந்தால் மரம் உக்கிவிட்டது என்பது பொருள். படகை மிதக்கவைக்கும் காற்றறைகளில் நீர் புகுகிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். அளவைச் சான்று இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பளபளக்கும் வர்ணத்துக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பாய்க்குக் கொடுப்பது புத்தி.

புதியவர் கற்கும் முதற்பாடம் கவிழ்தல். சிறு படகு கவிழ்வது அவமானமன்று, இயல்பு. உயிர்காப்பு அங்கியின்றி நீரில் இறங்கலாகாது. கவிழ்ந்தபின் படகை விட்டு நீந்திச் செல்லவும் கூடாது. நடுப்பலகையின்மேல் உடற்பாரத்தைச் செலுத்தினால் படகு நிமிரும். கரைக்கு அருகில், துணையுள்ள இடத்தில், வேண்டுமென்றே பலமுறை கவிழ்த்து நிமிர்த்திப் பழகியவருக்கு அச்சம் நீங்கும்.

இரண்டாவது பாடம் காற்று. காற்று வரும் திசைக்கு நேரெதிராக எந்தப் பாய்ப்படகும் செல்லாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக வளைந்து வளைந்தே எதிர்காற்றில் முன்னேற வேண்டும். எங்கே திரும்புவது, எப்பொழுது திரும்புவது என்னும் தீர்ப்பிலேதான் பெரும்பாலும் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது.

போட்டியின் தொடக்கம் ஓட்டப்பந்தயத்தைப் போன்றதன்று. நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத கோடே தொடக்கக் கோடு. தொடங்குவதற்கு 5, 4, 1 நிமிடங்களுக்கு முன் கொடியும் ஒலியும் அறிவிக்கும். முந்திக் கடந்தவர் திரும்பிவந்து மீண்டும் தொடங்க வேண்டும். முதன்முறை போட்டியிடுபவர் நெருக்கத்தை விட்டு ஓரமாகத் தொடங்கினால் இழப்பு அதிகமில்லை.

வழிவிடும் விதிகளில் இரண்டை முதலில் மனத்திற் கொண்டாற் போதும். வலப்பக்கமாகக் காற்றைப் பெறும் படகுக்கு இடப்பக்கமாகக் காற்றைப் பெறும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திற் காற்றைப் பெற்று அருகருகே சென்றால், காற்று வரும் பக்கத்திலுள்ள படகு விலக வேண்டும்.

இவ்விதியை மீறினால் தண்டிப்பவர் யார்? சாதாரணப் போட்டியில் ஒவ்வொரு படகின் பின்னாலும் நடுவர் வருவதில்லை. தவறு செய்தவர் தாமே விலகிச் சென்று, படகை இருமுறை முழுவட்டமாகச் சுற்றிவிட்டுப் போட்டியைத் தொடர வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. அதற்குள் பின்னால் வந்தவர்கள் முந்திவிடுவர். அது தெரிந்தே சுற்ற வேண்டும். பிறர் முறையிட்டு விசாரிக்கும் வழியும் உண்டு. ஆயினும் யாரும் காணாத வேளையிலும் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் நேர்மையின்மேலேயே இவ்விளையாட்டு நிற்கிறது.

இலங்கையின் பொறியியலாளரான றே விஜேவர்தன, 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விழாவில் ஒருவர் செலுத்தும் ஃபின் வகைப் படகிற் போட்டியிட்டார். அதுவும் ஓரச்சுப் படகே. சுவீடன் நாட்டு றிக்காட் சார்பி 1949இல் வரைந்தது. ஒலிம்பிக் வீரரும் குளத்திற் பயிலும் சிறுவனும் ஒரே நியதிக்கே உட்பட்டவர்கள்.

புதியவர் முதற் பருவத்தில் கடைசியாக வருவார் என்பது ஏறத்தாழ உறுதி. அப்பொழுது முன்னே செல்லும் படகுகளைப் பார்த்தால், தம்முடையதைப் போன்ற உடலும் பாயுமே அவற்றுக்கும் இருப்பதைக் காண்பார். அது முதலில் கசக்கும். பின்னர் அதுவே ஊக்கமாகும். அவர்கள் பெற்றது வாங்கிய பொருளன்று, பழகிய பழக்கம். பழக்கத்தை எவரும் பெறலாம்.