கடற்பாசி உறையும் விதம்

சித்திரபுரத்துத் தேயிலைச் சரிவுகளில் வாழும் தமிழன்பர் பலரும் நோன்பு நாட்களில் அண்டை வீட்டார் அளிக்கும் கடற்பாசி இனிப்பைச் சுவைத்திருப்பீர்கள். கொதிக்கும் பாலில் கரைந்த பொருள், அடுப்பினின்று இறக்கியபின் பனிக்கட்டியின் துணையின்றியே உறைந்துவிடுகின்றது. இஃது எங்ஙனம்?

மன்னார் வளைகுடாவில் விளையும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி முதலிய செம்பாசிகளின் உயிரணுச் சுவரினின்று பெறப்படுவதே அகார். அதில் உறையும் கூறு அகரோஸ் எனப்படும். காலக்டோஸ் என்னும் சர்க்கரையும், நீர் நீங்கிய அதன் உறவுச் சர்க்கரையும் மாறிமாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி அது. கொதிநீரில் சங்கிலிகள் தனித்தனியே அலைகின்றன. சூடு 35 முதல் 40 சென்டிகிரேடுக்குள் இறங்குங்கால் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, பின்னர்க் கற்றைகளாகச் சேர்ந்து, வலைபோல் நீரைச் சிறைப்படுத்துகின்றன. விந்தை யாதெனில், உறைந்ததை மீண்டும் உருக்க ஏறத்தாழ 85 சென்டிகிரேடு வேண்டும்! 1881ஆம் ஆண்டில் பானி ஹெஸ்ஸே அம்மையார் நுண்ணுயிர் வளர்ப்புக்கு அகாரைப் பரிந்துரைத்தது இப்பண்பு கருதியே. ஜெலாட்டினோ கோடை வெப்பத்திலேயே இளகிவிடும்.

கஞ்சிப்பாசியின் அகாரில் சல்பேட் மிகுதி. அது முறுக்கைத் தடுப்பதால் கட்டி மெலிந்து போகும். காரநீரில் வேகவைத்தால் உறுதி பெறும். மரிக்கொழுந்தின் அகார் இயல்பிலேயே வலிது. ஆதலின் அதற்கு விலை அதிகம்.

அதனைத் தேடி மூழ்குவோர் இராமநாதபுரக் கடற்கரைப் பெண்டிர். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, பாறையினின்று கையாற் பறிக்கின்றனர். 1986இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவான பின்னர் அவர்தம் பிழைப்புக்குத் தடைகள் எழுந்தன. அடியை விட்டு நுனியைப் பறித்தால் பாசி மீண்டும் தழைக்கும். அங்ஙனம் பறிப்போரை விலக்கி வைப்பது முறையன்று என்பது என் எண்ணம்.