மார்வலிக்கு விடியும்வரை காத்திருக்கலாகாது
(ஸ்கூடாய் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசும் இம்மேடையில் இன்று மாரடைப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் நம் உரிமையைச் சேர்ந்த விஷயமே. உயிர் இருந்தாலன்றோ பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியும்?

மாரடைப்பு என்பது யாது? இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதற்கப்பால் உள்ள தசை பட்டினி கிடந்து சிறிது சிறிதாகச் சாகிறது. செத்த தசை மீண்டும் பிழைப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

1912ஆம் ஆண்டில் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் இந்நோயை விளக்கி எழுதி, நோயாளி பிழைக்கவும் கூடும் என்று காட்டினார். ஆனால் அன்று தெரிந்த பிரதான வைத்தியம் படுக்கைதான். அசைந்தால் இருதயம் வெடித்துவிடும் என்று அஞ்சி, நோயாளியை ஆறு வாரம் வரை படுக்க வைத்தார்கள். அப்படிக் கிடந்தே காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலை அடைத்து மாண்டவர்களும் உண்டு. 1952இல் பாஸ்டன் டாக்டர்களான லெவினும் லவுனும் நோயாளிகளை ஆரம்ப நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அஞ்சிய கேடு எதுவும் வரவில்லை.

அடுத்து வந்தது காவல். 1961இல் டாக்டர் டெஸ்மண்ட் ஜூலியன், மாரடைப்பு நோயாளிகளைத் தனி வார்டில் வைத்து இருதயத் துடிப்பை இரவும் பகலும் கவனிக்க வேண்டும் என்றார். துடிப்பு தாறுமாறானால் உடனே மின்சார அதிர்ச்சி கொடுத்து மீட்கலாம். இத்தகைய வார்டுகள் வந்தபின் ஆஸ்பத்திரியில் நேர்ந்த சாவுகள் ஏறத்தாழப் பாதியாயின.

ஆயினும் அடைப்பு அடைப்பாகவே இருந்தது. 1988இல் வெளியான பேராராய்ச்சி ஒன்று 17,000க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்தது. மலிவான ஆஸ்பிரின் மாத்திரையும் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தும் சேர்ந்து ஐந்து வாரச் சாவுகளை நூற்றுக்கு 42 பங்கு குறைத்தன. 1977இல் சூரிக் நகரில் டாக்டர் குருயன்ட்சிக் தொடங்கிய பலூன் முறையும் வளர்ந்து, இன்று அடைத்த குழாயையே நேரே திறக்கிறார்கள்.

இங்கேதான் நமக்குரிய பாடம் இருக்கிறது. படுக்கையே வைத்தியமாயிருந்த காலத்தில் சில மணி நேரம் முன்பின் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. இன்றோ நேரமே மருந்தாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை அடைந்து 90 நிமிஷத்துக்குள் பலூன், அல்லது 30 நிமிஷத்துக்குள் கரைக்கும் மருந்து என்பதே டாக்டர்களின் இலக்கு. ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரி சுமார் 10 மைல்தான். ஆனால் வாயுப் பிடிப்பென்று சுக்குக் கஷாயம் குடித்து விடியும்வரை காத்திருப்பவருக்கு அது எட்டாத தூரம்.

தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, 108 ஆம்புலன்ஸையும் சேர்த்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2017இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டுக்குள் சாவோர் தொகை நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. ஒழுங்கே உயிர்களைக் காத்தது.

அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் உடனே 999ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலி இலேசாகவே இருக்கக்கூடும். நோயாளியை நடக்கவிடாதீர்கள். இரவில் வண்டி ஓட்டுபவர் யார், கேட் சாவி யாரிடம் என்பதை ஆபீஸ் சுவரில் எழுதிவைக்கும்படி நிர்வாகத்தைக் கேட்போம். கிராணிமார் எழுதட்டும்; நாம் அனைவரும் படித்து வைப்போம்.

ஆஸ்பத்திரிகள் நூறாண்டுகளில் எவ்வளவோ மாறிவிட்டன. லயத்து வாசலில் நாம் கழிக்கும் அந்த ஒரு மணி நேரமும் மாறட்டும்.