வெட்ட விட்டால்தான் நடுவார்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மரம் வளர்ப்போம்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். சுலபமான தலைப்பு. நிழல், மழை, பிராணவாயு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் கைதட்டலும் கிடைத்துவிடும். ஆனால் நான் மரம் வெட்டுவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். கோபப்படாமல் கடைசி வரை கேளுங்கள்.

அரியக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராமானுஜ அய்யங்கார் நினைவுக்கு வருவார், திருவேங்கடமுடையான் கோயில் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது கோயிலைத் தாண்டிக் கிடக்கிற செம்மண்ணைப் பற்றி. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒன்றுமே இல்லாத பாலைவனம் அல்ல. ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். நிறையாவிட்டால் நிலம் சும்மா கிடக்கும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது சொந்த ஊரில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ மானாவாரி நிலம் இருக்கும். அண்ணன் தம்பி பாகத்தில் வந்தது, பார்க்க ஆள் இல்லாதது. இன்று அதில் என்ன நிற்கிறது? சீமைக் கருவேலம் நிற்கும். இல்லையென்றால் மனைக் கற்கள் நிற்கும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆன பிறகு கற்களின் வேகம் கூடியிருக்கிறது.

சீமைக் கருவேலத்தைத் திட்டாத மேடை இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. 2022-ல் மாநில அரசு அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. இருந்தும் அது ஏன் இத்தனை ஏக்கரில் நிற்கிறது? நடுவதற்குச் செலவில்லை. இலையை ஆடு கடிக்காது. தண்ணீர் கேட்காது. வெட்டிக் கரிமூட்டம் போட்டால் கையில் காசு வரும், அதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதும் இல்லை. நம் சட்டங்களும் கடன் முறையும் சேர்ந்து விவசாயியை எந்த மரத்தின் பக்கம் தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். அவர் கணக்குத் தெரியாமல் அதை விடவில்லை. கணக்குத் தெரிந்துதான் விட்டு வைத்திருக்கிறார்.

இப்போது அரசாங்கத்தின் கணக்கு. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு நிலம் மரம் சூழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை. தமிழ்நாட்டில் இருப்பது சுமார் 24 சதவீதம். இதை 33 சதவீதமாக உயர்த்த 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கூடுதலாக வேண்டிய அந்த நிலத்துக்கு எங்கே போவது? காட்டை இழுத்து நீட்ட முடியாது. சாலையோரமும் பள்ளி வளாகமும் போதாது. மிச்சம் இருப்பது பட்டா நிலம். அதாவது உங்கள் நிலம், என் நிலம், இன்னும் மாடு பூட்டி உழுகிறவரின் நிலம். அங்கே மரம் வர வேண்டும் என்றால் அவருக்கு அதில் வருமானம் வர வேண்டும். வருமானம் வர வேண்டும் என்றால் உரிய காலத்தில் அதை வெட்டி விற்க அவருக்குத் தடை இருக்கக் கூடாது.

சவுக்கு, தைல மரம் போன்றவற்றில் சிக்கல் குறைவு. சந்தனம், செம்மரம் என்று விலை உயர்ந்த மரங்களுக்குப் போனால்தான் காகிதம் கூடுகிறது. பட்டா நிலத்தில் வளரும் சந்தன மரத்தின் மீது நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்று கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தின. உரிமை வந்த பிறகும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். திருட்டைத் தடுக்க விதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் திருடனுக்காக எழுதிய விதி நட்டவரையும் சேர்த்துப் பயமுறுத்தினால் அவர் அடுத்த கன்றை நட மாட்டார்.

சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மூங்கில் நல்ல உதாரணம். தாவரவியல்படி மூங்கில் ஒரு புல். இந்திய வனச் சட்டத்தில் அது தொண்ணூறு வருஷம் 'மரம்' என்றே இருந்தது. தன் தோட்டத்து மூங்கிலை வெட்டி ஏற்றிப் போகிறவரும் அனுமதிச் சீட்டு காட்ட வேண்டிய நிலை பல மாநிலங்களில் இருந்தது. 2017-ல் அந்த ஒரு சொல்லை எடுத்தார்கள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில், மற்றப் பயிர்களைப் போல ஒரு பயிர் ஆனது.

இன்னும் பெரிய பாடம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நைஜர் நம்மைவிட மிக வறண்ட நாடு. அங்கே வயலில் முளைத்த மரமும் சட்டப்படி அரசுக்குச் சொந்தமாக இருந்தது. மரம் நின்றால் தொல்லை என்று முளையிலேயே வெட்டி எறிந்தார்கள். 1980-களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், புதுக் கன்று நடுவதை விட்டு, நிலத்தில் உயிரோடு இருக்கும் பழைய வேர்களிலிருந்து வரும் தளிர்களைக் காப்பாற்றச் சொன்னார். காலப்போக்கில் அரசும் பிடியைத் தளர்த்தியது. வயலில் நிற்கும் மரம் தங்களுடையது என்ற நம்பிக்கை மக்களுக்கு வந்தது. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்ப வந்தன. விறகுக்கும் தீவனத்துக்கும் வெட்டிக்கொண்டேதான் வளர்த்தார்கள். வெட்டலாம் என்று ஆன பிறகு மரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அடுத்தது பணம். வங்கியில் கடன் பேரேடு எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நெல்லுக்கோ கடலைக்கோ உழவர் கடன் அட்டையில் பயிர்க் கடன் வாங்கினால் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் அது 4 சதவீதமாகக் குறையும். மீதியை அரசு தாங்கிக்கொள்கிறது. அந்தச் சலுகை குறுகிய காலக் கடனுக்குத்தான். மரத்துக்கு வாங்குவது நீண்ட காலக் கடன். அதற்கு வங்கியின் வழக்கமான வட்டி.

அந்த வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், அசல் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். 72-ஐ ஒன்பதால் வகுத்தால் 8. மலைவேம்பு போட்டு எட்டாம் வருஷம் வெட்டுகிறவருக்கு ஒரு லட்சம் கடன் இரண்டு லட்சமாகி நிற்கும். நடுவில் ஒரு புயல் வந்தால் கதை முடிந்தது. வெள்ளாமை நான்கு மாதத்தில் வீட்டுக்கு வரும், மரம் எட்டு வருஷம் கழித்துத்தான் வரும். இரண்டுக்கும் ஒரே மாதிரி தவணை அட்டவணை போட்டால் விவசாயி நகையை அடகு வைப்பார் அல்லது நிலத்தை மனையாக விற்பார்.

அதனால் அறுவடையின்போது கட்டும்படியான தவணை, பயிர்க் கடனுக்கு இணையான வட்டிச் சலுகை, எளிய காப்பீடு, இந்த மூன்றும் வேண்டும். நட்ட முதல் இரண்டு வருஷம் இடையில் உளுந்தும் நிலக்கடலையும் போட்டு எடுக்கலாம். வரப்பில் மரம், வயலில் வெள்ளாமை என்றும் செய்யலாம். வருமானம் அடியோடு நின்றுபோகாது.

லாபம் ஒன்றே போதும் என்றும் நான் சொல்லவில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தைல மரத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். காகித ஆலைக்கு நல்ல சரக்கு. ஆனால் அந்தத் தோட்டங்களில் வெட்டிய குழிகளும் வரப்புகளும் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று கீழே உள்ள ஆயக்கட்டு விவசாயிகள் பல வருஷமாகப் புகார் சொல்கிறார்கள். ஒருவர் லாபத்துக்கு இன்னொருவர் கண்மாய் காய்ந்தால் அது நீடிக்காது. வரத்துக்காலை மறிக்காமல், பல மரம் கலந்து நட வேண்டும். வேம்பு, புங்கன், பனை, புளி, பலா, அவற்றோடு மலைவேம்பு, தேக்கு என்று மண்ணைப் பார்த்து நடுகிறவருக்கு அரசு கூடுதல் ஊக்கத்தொகை தர வேண்டும். அவர் காக்கிற நிழலும் நிலத்தடி நீரும் நமக்கும் சேர்த்துத்தான். கோஸ்டாரிகா 1997 முதல் இப்படி நிலத்துக்காரர்களுக்குப் பணம் தருகிறது. எரிபொருள் வரியில் ஒரு பகுதி அதற்குப் போகிறது.

நம் அரசுகள் சும்மா இருக்கின்றன என்று சொன்னால் அது நியாயம் இல்லை. வேளாண் காடுகளுக்கென்று தேசியக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா, 2014-ல். தமிழ்நாட்டில் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் 2021-22 முதல் நடக்கிறது. உழவன் செயலியில் பதிந்தால் மரக்கன்று இலவசம். உயிரோடு நிற்கும் கன்றுக்கு ஊக்கத்தொகை 7 ரூபாய். வரப்பில் ஹெக்டேருக்கு 160 கன்று நட்டால் 1,120 ரூபாய் வரும். மனமுவந்து கொடுப்பதுதான், ஆனால் கோடையில் ஒரு முறை தண்ணீர் வண்டி விட்டாலே தீர்ந்துவிடும். 2025 ஜூனில் மத்திய அரசு, விவசாய நிலத்து மரங்களைப் பதிவு செய்து இணையத்திலேயே வெட்ட அனுமதி பெறுவதற்கு மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. இதெல்லாம் காகிதத்தில் நின்றுவிடாமல் கிராம நிர்வாக அலுவலரின் மேசை வரை வந்து சேர வேண்டும். அதற்குக் கேட்கிற ஆள் வேண்டும்.

நம் ஊர் வீடுகளின் தூண்களைப் பாருங்கள். பர்மாத் தேக்கு. நூறு வருஷம் கழித்துப் பிரித்து எடுத்தாலும் காரைக்குடி பழம்பொருள் கடையில் விலை போகிறது. அந்தப் பர்மா 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. நம் வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் இன்று எங்கெங்கிருந்தோ கப்பலில் வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு சாக்கோட்டைக்கும் கல்லலுக்கும் வரக்கூடாதா?

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஒன்று, ஊரில் நிலம் உள்ளவர்கள் அதைக் கருவேலத்துக்கோ தரகருக்கோ கொடுப்பதற்கு முன் ஒரு முறை செட்டிநாட்டில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைக் காட்டி யோசனை கேளுங்கள். மரம் நட்டால் மறக்காமல் அடங்கலில் ஏற்றுங்கள். நாளைக்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

இரண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. நான் சொன்ன கோரிக்கைகளை ஒரு பக்க மனுவாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள். நகரத்துக்காரர்களும் கேட்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு எடை உண்டு.

மூன்று, சாலையில் மரம் ஏற்றிய வண்டியைப் பார்த்தவுடன் 'அநியாயம்' என்று படம் எடுத்துப் போடாதீர்கள். புறம்போக்கிலும் சாலையோரத்திலும் வெட்டினால் அவசியம் கேளுங்கள். ஆனால் அது ஒருவர் பத்து வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த வெள்ளாமையாகவும் இருக்கலாம். அவருக்கு நல்ல விலை கிடைத்தால் அடுத்த ஐப்பசியில் அதே நிலத்தில் மறுபடியும் குழி எடுப்பார்.