பழைய காரைக் கொடுக்கும் முன்

(கும்பளங்கி அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

காயல் சூழ்ந்த கும்பளங்கியில் உப்புக் காற்று காரின் அடித்தகட்டை அரித்துவிடும். அதனால் பலர் பழைய காரை டீலரிடம் 'எக்ஸ்சேஞ்ச்' கொடுத்துப் புதிது வாங்குகிறோம். விலை பேசுவதில் காட்டும் அக்கறையைக் காகிதத்தில் காட்டுவதில்லை.

அரசாங்க உத்தியோகத்தில் நான் கற்றது, வாய்வார்த்தை கோப்பில் நிற்காது என்பதே. 2009-ல் ஒரு விபத்து. கார் அதற்குள் பல கை மாறியிருந்தது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார்–விஜய் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

எனவே 29, 30-ம் எண் பாரங்களை நிரப்பாமல் கையெழுத்திட வேண்டாம். நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1-4-2023 முதல் அமலில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி பாரத்தில் பதிவு செய்தால், அவரே சொந்தக்காரராகக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்றிதழை முதலில் கேளுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் எழுதிய ரசீது வாங்குங்கள். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விடாதீர்கள். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

யாரோ ஓட்டிய காருக்காக நம் பென்ஷன் போகக் கூடாது.