டில்லியில் கண்டதும் நம் பள்ளிவாசலுக்குக் கொண்டதும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கும் ஆண்டறிக்கையும் சற்று முன்னர் வாசிக்கப்பட்டன. அவற்றின் பின் நாங்கள் மேற்கொண்ட டில்லிப் பயணத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுமாறு பெரியவர்கள் பணித்தார்கள். ஊர் சுற்றிப் பார்த்த கதையைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்குவது எங்கள் எண்ணமன்று. அந்தப் பயணத்தில் நாங்கள் கண்ட ஒன்று, சென்ற ஆண்டு இதே மன்றத்தில் நாம் நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யுமாறு எங்களை வற்புறுத்துகிறது. ஆகவே பயணத்தை முதலிலும் தீர்மானத்தைப் பின்னரும் எடுத்துரைக்கிறோம்.

ஜமாஅத்தைச் சேர்ந்த பதினெட்டுப் பேர், அவர்களுள் பெண்கள் எழுவர், சென்னையிலிருந்து இரண்டு இரவுகள் இரயிலில் பயணம் செய்து டில்லியை அடைந்தோம். முதலில் சென்ற இடம் குத்பு மினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் குத்புத்தீன் ஐபக் தொடங்கி, அவர் மருமகன் இல்துத்மிஷ் உயர்த்தி, 1368இல் இடி விழுந்து சேதமுற்றபோது ஃபிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்ட கோபுரம் அது. உயரம் 72.5 மீட்டர். உள்ளே 379 படிகள் இருந்தாலும், 1981 டிசம்பரில் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 45 பேர் உயிரிழந்த பின்னர் எவரையும் மேலே ஏற விடுவதில்லை.

அதன் அருகிலுள்ள பழைய பள்ளிவாசலின் தூண்களைக் கண்டு எங்களுடன் வந்த மாணவர் ஒருவர், "இவை கோயில் தூண்களைப் போல் இருக்கின்றனவே?" என்று கேட்டார். மழுப்பாமல் விடை சொன்னோம். இருபத்தேழு கோயில்களின் கற்கள் அங்கே பயன்படுத்தப்பட்டதைக் கிழக்கு வாசலின் கல்வெட்டே கூறுகிறது. அரசர்கள் செய்தவை அனைத்தையும் மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்தும் கடமை நமக்கில்லை. நடந்ததை நடந்தபடி அறிந்துகொள்ளும் கடமை உண்டு. அதே முற்றத்தில் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகப் பெரிதாகத் துருவேறாமல் நிற்கும் இரும்புத் தூணையும் கண்டு வியந்தோம்.

மறுநாள் நிஜாமுத்தீன் பகுதிக்குச் சென்றோம். 1325இல் மறைந்த ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா அவர்களின் அடக்கத்தலத்தையும், அதே ஆண்டில் மறைந்த அவர் சீடர் அமீர் குஸ்ரு அவர்களின் அடக்கத்தலத்தையும் ஜியாரத் செய்தோம். அடக்கத்தலத்தின் உள்ளறைக்குள் பெண்களை அனுமதிப்பதில்லை. நம் சகோதரிகள் வெளியே சலவைக்கல் பலகணியின் அருகில் அமர்ந்து துஆ செய்தார்கள். அவர்களுள் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்தும் வாசலோடு நிற்க வேண்டியதாயிற்றே" என்று வருந்தினார். ஆனால் அதே வளாகத்தில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகத்தின் கப்ர் இருக்கிறது. மேற்கூரையற்ற அந்தக் கப்ரின் மேல் புல் மட்டுமே வளர்கிறது. பெரும் செல்வத்திற்கு உரியவராய் வாழ்ந்த அவர் 1681இல் மறைந்தபோது அத்தகைய எளிய அடக்கத்தலமே அமைந்தது. வருந்திய சகோதரி அங்கேதான் நெடுநேரம் நின்றார்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஹுமாயூன் பாதுஷாவின் கல்லறை மாளிகை உள்ளது. எங்கள் பேச்சின் மையம் இதுவேயாகையால் சற்று விரிவாகக் கூறுகிறோம்.

ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய மாளிகை இது. தாஜ்மஹாலுக்கு முன்னோடி என்று இதைக் கூறுவர். 1857 செப்டம்பரில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் இங்கே தஞ்சம் புகுந்திருந்தபோதுதான் பிடிபட்டு, பின்னர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். 1947 பிரிவினையின்போது வீடிழந்த முஸ்லிம்கள் இந்தத் தோட்டத்தில் கூடாரமிட்டுக் கிடந்தார்கள். 1993இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதன் கூரையில் மழைநீர் கசிந்தது. இருபதாம் நூற்றாண்டில் பழுது பார்த்தவர்கள் ஒவ்வொரு முறையும் மேலே சிமென்ட் கான்கிரீட்டைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். கசிவு நிற்கவில்லை, பாரம் மட்டும் கூடியது. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையுடன் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இணைந்து மேற்கொண்ட புனரமைப்பின்போது, கூரையிலிருந்து அகற்றப்பட்ட கான்கிரீட் மட்டும் பத்து இலட்சம் கிலோவுக்கு மேல். அதன் பிறகு பழைய முறையிலேயே சுண்ணாம்புக் காரையிட்டுத் தளம் அமைத்தார்கள். வெல்லமும் வில்வப்பழக் கூழும் சேர்த்த காரை அது. கல்தச்சரும் கொத்தனாரும் ஓடு செய்வோரும் பல்லாண்டுகள் உழைத்து, 2013இல் பணியை நிறைவு செய்தார்கள்.

இதன் காரணம் எளியது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே புகுந்த ஈரத்தை மெல்ல வெளிவிடும் இயல்புடையது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லையும் மரத்தையும் தின்னும். வழிகாட்டி இதை விளக்கியபோது எங்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் பள்ளிவாசலின் உள்பள்ளிக் கூரை எங்கள் கண்முன் வந்து நின்றது.

ஜமாஅத்தார்களே! நம் முன்னோர் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளமிட்டு எழுப்பிய பள்ளி அது. கசிகிறது என்று மூன்று முறை மேலே சிமென்ட் பூசினோம். மூன்றாம் முறை பூசியது நமது இந்த நிர்வாகக் குழுவே. கசிவு கூடியதும், "பழைய கட்டடம், இனித் தாங்காது, இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுவோம்" என்று சென்ற ஆண்டு தீர்மானம் கொண்டு வந்ததும் நாங்களே. பள்ளியை முதுமை கெடுத்ததா, நம் மருந்து கெடுத்ததா என்று ஆராயாமல் உங்கள் கையொப்பத்தைப் பெற்றோம். அந்தப் பிழையை இம்மன்றத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாம் நாள் சாந்தினி சவுக். செங்கோட்டைக்கு எதிரே தொடங்கும் அந்த ஒரே தெருவில் சமணரின் செந்நிறக் கோயில், கௌரி சங்கர் கோயில், கிறிஸ்தவ தேவாலயம், சீஸ் கஞ்ச் குருத்துவாரா, சுனேரி மஸ்ஜித் ஆகியன உள்ளன. தெருவின் முடிவில் ஃபதேபூரி மஸ்ஜித் நிற்கிறது. ஔரங்கசீப் ஆட்சியில், 1675இல் குரு தேக் பகதூர் தலை துண்டிக்கப்பட்ட இடத்தில் எழுந்தது அந்தக் குருத்துவாரா. அங்கே எங்கள் காலணிகளைத் தொண்டர்கள் வாங்கி வைத்தார்கள். தொப்பியணிந்த எங்களைப் பந்தியில் அமர்த்திச் சூடான ரொட்டியும் பருப்பும் பரிமாறினார்கள். எவரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. அந்த உணவு எங்களுக்கு ஒரு பாடமாக அமைந்தது.

ஃபதேபூரி மஸ்ஜிதின் வரலாறும் கேட்கத்தக்கது. 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி ஏலத்தில் விட்டார்கள். வாங்கியவர் லாலா சுன்னாமல் என்னும் இந்து வணிகர். வாங்கியவர் இடித்திருந்தால் கேட்பார் இல்லை. ஆனால் அவர் இடிக்கவில்லை. 1877இல் அது மீண்டும் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. பிற சமயத்தார் ஒருவர் காத்துக் கொடுத்த பள்ளியில் அன்று ளுஹர் தொழுதோம்.

அஸர் தொழுகைக்கு ஜும்ஆ மஸ்ஜித் சென்றோம். ஷாஜஹான் 1650இல் தொடங்கி 1656இல் முடித்த பள்ளி. கிழக்கு வாசலில் மட்டும் 35 படிகள். 1857க்குப் பின் இதையும் ஆங்கிலேயர் பறிமுதல் செய்து, 1862இல்தான் திருப்பித் தந்தார்கள். 1919இல் ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது சுவாமி சிரத்தானந்தர் என்னும் இந்துத் துறவி இந்தப் பள்ளியில் மக்களிடம் உரையாற்றினார். 1947 அக்டோபரில், ஊரைவிட்டு ஓடத் துடித்த டில்லி முஸ்லிம்களிடம் "போகாதீர்கள்" என்னும் கருத்துப்பட மௌலானா அபுல் கலாம் ஆசாத் பேசியதும் இங்கேயே. அவர் கப்ர் பள்ளிக்கு அருகிலேயே இருக்கிறது. கற்கள் மட்டுமே அங்கு எஞ்சவில்லை, அந்தக் குரல்களும் எஞ்சியிருக்கின்றன. கட்டடம் நின்றதால் நினைவும் நின்றது.

இனி எங்கள் வேண்டுகோள். பழமை என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக் காக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை, ஹுமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள பத்தே ஷா தர்காவில் ஓர் அறை இடிந்து விழுந்து பலர் உயிரிழந்தனர். பழைய கூரையை ஆராயாமல் அதன் கீழ் மக்களை அமர்த்துவது அமானிதத்தை வீணாக்குவதாகும். ஆராயாமல் இடிப்பதும் அவ்வாறே. எனவே மூன்று முன்மொழிவுகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, இடிப்பதற்கான தீர்மானத்தை ஓராண்டு நிறுத்தி வைத்தல். இரண்டாவது, சுண்ணாம்புக் கட்டடங்களில் பழக்கமுள்ள பொறியாளரைக் கொண்டு கூரையைச் சோதித்து, அவர் எழுத்து மூலம் தரும் அறிக்கையை இம்மன்றத்தில் வாசித்தல். தாங்காது என்று அவர் கூறினால் இடிப்பதை நாங்களே முன்னின்று செய்வோம். மூன்றாவது, அறிக்கை வரும்வரை அந்தக் கூரையின் கீழ் நடைபெறும் பிள்ளைகளின் மதரஸாவை நாளையே மண்டபத்திற்கு மாற்றுதல். இதில் ஒரு நாளும் தாமதம் கூடாது.

டில்லி செல்ல விரும்புவோருக்கு ஒரு சொல். திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். தலைக்குத் துணியும் கையில் காலணிப் பையும் கொண்டு செல்லுங்கள். கட்டாயம் இளைஞர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையை மட்டும் சொல்லுங்கள்.

முன்னோர் நம்மிடம் ஒப்படைத்ததை நம் பின்னோரிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.