புதுப்பித்த பின் கணினி முரண்டினால்

தோட்டத்துக்கு மண்டோர் எப்படியோ, கணினிக்கு இயக்குதளம் அப்படி. எல்லா வேலைகளையும் மேற்பார்ப்பது அதுவே. அதைச் செய்த நிறுவனம் அவ்வப்போது பிழைகளைத் திருத்தி அனுப்புகிறது. அதைத்தான் புதுப்பிப்பு என்கிறோம். சில வேளைகளில், புதுப்பித்த பிறகு கணினி முரண்டு பிடிக்கும். அப்போது என்ன செய்வது? இன்று அதைப் பார்ப்போம்.

எங்கள் பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவி ஒருத்தி ஒரு மாலை அழுதுகொண்டே தந்தையுடன் வந்தாள். கணினி இரவில் புதுப்பித்துக்கொண்டதாம். காலையில் திறந்தால் திரை வெறுமையாக இருந்ததாம். வாரக்கணக்கில் தயாரித்த வரலாற்றுப் பாட வேலையைக் காணவில்லை.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், சார்" என்றார் தந்தை.

"பால் வராத மரத்தை உடனே சாய்த்துவிடுவீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"அதெப்படி? மறுபக்கப் பட்டையைப் பார்ப்போமே!" என்றார்.

அப்படியே நாமும் பார்த்தோம். இரண்டு மூன்று முறை கணினியை மறுபடி தொடக்கினோம்; பயனில்லை. பிறகு, சி வட்டில் 'யூசர்ஸ்' என்னும் கோப்புறையைத் திறந்தோம். அங்கே அவள் பெயரில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. பழையதில் பாட வேலை பத்திரமாக இருந்தது. கணினி அவளைப் புதிய ஆளாக எண்ணி, வேறோர் அறையைத் திறந்து காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவசரப்பட்டு அழித்திருந்தால், இருந்ததும் போயிருக்கும்.

ஆகவே, வரிசையாகச் செய்வோம். புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. முடிந்தபின் கோளாறு தெரிந்தால், முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுப்போம். விண்டோஸ் கணினியை வெறுமனே அணைத்துப் போட்டால், பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடக்கூடும். ரீஸ்டார்ட் முழுதாகப் புதிதாய்த் தொடங்கும்.

ஒலி மட்டும் வரவில்லை, அல்லது அச்சுப்பொறி மட்டும் வேலை செய்யவில்லை என்றால், அந்தக் கருவியை இயக்கும் டிரைவர் என்னும் சிறு நிரலே மாறியிருக்கலாம். 'டிவைஸ் மேனேஜரில்' அந்தக் கருவியைத் தேர்ந்து, 'ரோல் பேக் டிரைவர்' இருந்தால் அழுத்துவோம். பழைய நிரல் திரும்பும். கணினி முழுவதுமே தடுமாறினால், 'செட்டிங்ஸில்' கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கிப் பார்க்கலாம். பெரிய பதிப்பே மாறியிருந்தால், பொதுவாக 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். மாற்றியதைத் தாளில் குறித்து வைப்போம்.

"இந்த எண்ணுக்கு உடனே தொலைபேசியில் அழையுங்கள்" என்று திரையில் தோன்றினால் அழைக்க வேண்டாம். அது ஏமாற்று வேலை.

கோப்புகள் மெய்யாகவே அழிவதும் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. சில நாள்களிலேயே அதன் வெளியீடு நிறுத்தப்பட்டது. அதற்காகப் புதுப்பிக்காமல் இருந்துவிடலாமா? கூடாது. திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் புதுப்பிப்புதான். பிள்ளைகளின் பாட வேலையை வாரம் ஒரு முறை பென் டிரைவில் படியெடுத்து வைப்பதே பாதுகாப்பு.

அந்த மாணவி மறுநாளே பாட வேலையை ஒப்படைத்துவிட்டாள். இப்போது அவள் வீட்டுச் சாமி மாடத்தின் அருகே ஒரு பென் டிரைவ் தொங்குகிறது.