கூடிக் கேட்ட காப்பியம்



கலை மனிதரை ஒன்றுசேர்க்கும் என்பது மேடைதோறும் கேட்கும் செய்தி. எவ்வாறு சேர்க்கிறது என்பதை விளக்குவோர் குறைவு. அதனை விளக்கத் தமிழகச் சமணர் வாழ்விலேயே நன்கு பதிவான நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு காப்பியத்தைப் பலர் கூடியிருந்து கேட்ட நிகழ்ச்சி அது.

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார் உ. வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என அவர் கற்றவை ஏராளம். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரிடம் வினவினார். படித்ததில்லை. முதலியாரே அந்நூலின் படி ஒன்றைத் தந்தார். பின்னர் நச்சினார்க்கினியர் உரையும் கிடைத்தது. பாடலும் உரையும் கையில் இருந்தும் பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. சமண சமயத்தின் கோட்பாடுகளைப் படிப்பவர் அறிவார் என்று எண்ணியே திருத்தக்கதேவர் பாடியிருந்தார். சைவச் சூழலில் வளர்ந்த அப்புலவர்க்கு அவற்றைச் சொல்லித்தருவார் எவரும் அருகில் இல்லை.

கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர் என்று கேள்வியுற்று அவர்களைத் தேடிச் சென்றார். சென்ற வீட்டின் வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. திருமணமோ பண்டிகையோ என்று வினவியவர்க்குக் கிடைத்த விடை வியப்பளித்தது: அன்றுதான் அவ்வீட்டில் சிந்தாமணி படித்து நிறைவு செய்திருந்தார்கள். திண்டிவனத்தை அடுத்த வீடூரிலிருந்து வந்திருந்த அப்பாசாமி நயினார் என்னும் பெரியவர் பொருள் சொல்ல, ஏறத்தாழ ஆறு மாதம் அப்படிப்பு நடந்திருந்தது. கல்லூரி ஆசிரியர்க்கு எட்டாத நூல், சில தெருக்களுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கூடத்தில் உயிரோடு இருந்தது.

சிந்தாமணியில் பாடல்கள் மூவாயிரத்துக்கும் மேல். நாள் தவறாமல் படித்தாலும் ஆறு மாதத்தில் முடிக்க நாளொன்றுக்குப் பதினேழு, பதினெட்டுப் பாடல்கள் வேண்டும். இவ்வகைப் படனத்தில் ஒருவர் பாடலை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் சீரும் சந்தியும் பிரித்துப் பொருள் கூறுவார். கேட்போர் இடையிட்டு ஐயம் வினவுவர். வயது முதிர்ந்தவர், தம் இளமையில் இதே இடத்துக்குக் கேட்ட வேறொரு விளக்கத்தை எடுத்துச் சொல்வார். எழுத்தறியாதவரும் அங்கே குறையின்றிக் கேட்கலாம். நேற்று வாராதவர்க்கு விட்டுப்போன கதையை அருகிலிருப்பவர் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒருவரையொருவர் சார்ந்திருக்கும் இத்தேவை நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஒரே அவையில் ஒருநாள் அமர்ந்து எழுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

காப்பியத்தின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. துறவி ஒருவர் பாடிய இந்நூலில் எட்டுத் திருமணங்கள் வருகின்றன. மணநூல் என்றே இதற்குப் பெயருண்டு. மயிற்பொறியில் ஏறித் தப்பிய தாய் சுடுகாட்டில் மகனை ஈன்ற கதையும், யாழ்ப்போட்டியில் காந்தருவதத்தையைச் சீவகன் வென்ற கதையும், சுண்ணப்பொடியில் எது சிறந்தது என்று தோழியர் இருவர் பகைத்த கதையும் சிறுவரையும் இருத்திவைக்கும். இறுதியில் முத்தி இலம்பகம். சோலையில் ஆண்குரங்கு தன் துணைக்கு ஊட்டிய பலாக்கனியைக் காவலன் பறித்துக்கொள்கிறான். அரசனாய் வீற்றிருக்கும் சீவகன் அதனைக் காண்கிறான். கனியை இழந்த குரங்கு கட்டியங்காரனாகவும், பறித்த காவலன் தானாகவும் அவனுக்குத் தோன்றுகின்றன. பகைவனைக் கொன்று நாட்டை மீட்ட வெற்றி, அந்நொடியில் வேறொரு பறிப்பாக நிறம் மாறிவிடுகிறது.

இவ்விடத்தைத் தனியே புரட்டிப் படிப்பவர்க்கு இது நல்லதோர் உவமையாகத் தோன்றலாம். அவ்வெற்றிக்காகப் பல வாரம் காத்திருந்து, கட்டியங்காரன் வீழ்ந்த நாளில் ஒன்றாக மகிழ்ந்தவர்களுக்கோ நிலை வேறு. தம் மகிழ்ச்சியையும் சேர்த்தே குரங்கு கேள்விக்கு உள்ளாக்குகிறது. அந்த அமைதியில் ஒரு கூடம் முழுவதும் சேர்ந்து அமர்ந்திருந்தது என்றால், அவர்களிடையே உண்டாகும் உறவை வேறு எவ்வகைக் கூட்டமும் எளிதில் உண்டாக்கிவிடாது.

கேட்பதற்கு ஏடு வேண்டும். பனையோலைக்கு ஆயுள் குறைவு. செல்லும் ஈரமும் அதனை விடுவதில்லை. சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிதாக எழுதாவிட்டால் நூல் மறைந்துபோகும். ஓலையைப் பதப்படுத்துதல், எழுத்தாணியால் எழுதுதல், மை தடவி எழுத்தைத் தெளிவாக்குதல், மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை திருத்துதல் என்று பலர் கைபட்ட வேலை அது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் சாத்திர தானத்தை வைத்த சமண மரபு, நூலைப் படியெடுப்பிப்பதை இல்லறத்தாரின் கடமையாக்கிற்று. கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினார் என்பர். எழுதத் தெரிந்தவர் எழுத, பொருள் உடையவர் ஓலையும் கூலியும் அளிக்க, நூலாக்கத்தில் இருவர்க்கும் பங்கு கிடைத்தது.

கும்பகோணத்துச் சமணர் செய்த மற்றொரு செயலும் எண்ணத்தக்கது. வேற்றுச் சமயத்தார் ஒருவர் தம் சமய நூலை ஆராய வருகிறார். அவர்மேல் ஐயம் எழுந்திருந்தால் வியப்பில்லை. சிந்தாமணியில் ஈடுபட்டிருந்த சோழனை அதனின்று திருப்பவே பெரியபுராணம் எழுந்தது என்னும் கதை சைவர்களிடையே வழங்கிய நாடு இது. ஆயினும் கதவு திறந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருடைய ஐயங்களைப் பொறுமையுடன் தீர்த்தனர். இவர் பவ்விய சீவன், நற்கதிக்குத் தகுதி பெற்ற உயிர், என்று அவரை மதித்தனர். கூடிக் கேட்டுப் பழகிய சமுதாயம் ஆதலின், மேலும் ஒருவர்க்குக் கூடத்தில் இடம் தருவது அவர்களுக்குப் பெரிய செயலாகத் தோன்றவில்லை போலும்.

1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. தமிழ்ப் பெருங்காப்பியம் ஒன்று எல்லார்க்கும் உரியதாயிற்று. அச்சு நூலுக்குத் துணை வேண்டா. எவரும் தம் அறையில் தனித்திருந்து படிக்கலாம். இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சுக்கு முன் அந்நூலின் பொருளைக் காத்தவர்கள் தனித்துப் படித்தவர்கள் அல்லர் என்பது மறக்கப்பட்டுவிடுகிறது. இன்று வீடுதோறும் அலமாரியில் இருக்கும் நூல், கூடத்துக்கு வருவதில்லை.

வருவிப்பது அரிதன்று. ஆறு மாதம் இயலாதெனின், பூமகள் இலம்பகம் ஏறத்தாழ ஐம்பது பாடல்களே கொண்டது. மூன்று மாலைப் பொழுதுகள் போதும். வாசிக்க இளைஞர் ஒருவர், பொருள் கூறப் பெரியவர் ஒருவர், இடைமறித்து வினவச் சிறுவர் சிலர், ஒரு கூடம், ஒரு விளக்கு. முதல்நாள் வாராதவர்க்கு இரண்டாம் நாள் கதை சொல்ல ஒருவரை இப்போதே குறித்துவைப்பது நலம்.